'ஸ்பூக்'னா பேய்தானே, அதுக்கு எதுக்கு எச்.ஆர். விசாரணை?

அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலத்துல வேலை பார்க்கிற ஒரு வாசகர் நீளமா எழுதியிருக்கார். பேரு, கம்பெனி, அடையாளம் தெரியுற விஷயம் எல்லாத்தையும் எடுத்துட்டு சுருக்கமா சொல்றேன். சொந்த ஊரு திருநெல்வேலி பக்கம், எச்1பி விசாவுல அஞ்சாவது வருஷம், டீம் லீடா இருக்கார், கிரீன் கார்டுக்காக கம்பெனி போடுற ஐ-140 மனு அப்ரூவ் ஆகி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஹாலோவீனுக்கு (பேய் அலங்காரம் பண்ணிக் கொண்டாடுற பண்டிகை) ஆபீஸ்ல பாட்லக் (ஆளுக்கொரு சாப்பாடு கொண்டு வர்ற விருந்து), பிரேக் ரூம் பூரா வெள்ளைத் துணியில பேய் பொம்மை தொங்கவிட்டு அலங்காரம், எல்லாரும் வந்தாச்சு, மூணு பேரை மட்டும் காணோம். இவர் டீம் சாட்ல அந்த மூணு பேரையும் டேக் பண்ணி "வேர் ஆர் மை மிஸ்ஸிங் ஸ்பூக்ஸ்?"னு போட்டு ஒரு பேய் ஸ்மைலியும் சேர்த்துட்டார். அந்த மூணு பேர்ல ரெண்டு பேரு கறுப்பினத்தவங்க, அதுல ஒரு பெண் மறுநாளே எச்.ஆர்.ல புகார் கொடுத்துட்டாங்க. அடுத்த வாரம் விசாரணை மீட்டிங்.

அவர் கேக்குறது இதுதான். "நான் ரெண்டு மூணு அகராதி பார்த்துட்டேன் மேடம், எல்லாத்துலயும் பேய்னுதான் முதல்ல போட்டிருக்கு, அதை பிரிண்ட் அவுட் எடுத்துட்டுப் போய் காட்டலாம்னு இருக்கேன். லண்டன்ல இருக்கிற ஃப்ரெண்ட் இது தப்பான வார்த்தையே இல்லைங்கிறான், இங்க இருக்கிற ஃப்ரெண்ட் மெசேஜை டெலீட் பண்ணிடு, மன்னிப்பு கேட்டுடாத, கேட்டா குத்தத்தை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்ங்கிறான். அந்த நீக்ரோ பொண்ணுகிட்ட நேர்ல போய் பேசிடலாமான்னு எனக்கு தோணுது. என் மனைவி மூட்டையக் கட்டிட்டு ஊருக்கே போயிடலாம்னு அழுவுறா. என் விசா போயிடுமா?"

தம்பி, மொதல்ல உங்க மனைவியும் சேர்ந்து கேக்குற மாதிரி ஒண்ணு சொல்லிடுறேன். இது கிரிமினல் கேஸ் இல்ல, போலீஸ் வராது, ஆபீஸ்ல ஒரு எச்.ஆர். புகார் வந்துச்சுங்கிறதுக்காக யாரும் உங்களை நாடு கடத்த மாட்டாங்க, எச்.ஆர். விசாரணை குடியேற்றத் துறைக்கு தானா போய்ச் சேர்ற விஷயமும் கிடையாது. ராத்திரி தூங்குங்க. ஆனா இதை "சும்மா ஒரு வார்த்தை"ன்னு எடுத்துட்டு அந்த ரூமுக்குள்ள போனா வேலை போற அளவுக்கு நீங்களே கொண்டு போய் விட்டுடுவீங்க, அதனால அந்த வார்த்தையில இருந்தே ஆரம்பிக்கிறேன்.

அந்த பிரிண்ட் அவுட்டை வீட்லயே வச்சுட்டுப் போங்க

நீங்க பார்த்த அகராதி பொய் சொல்லல. 'ஸ்பூக்' டச்சுக்காரங்க வார்த்தை, அவங்க பாஷையில பேய்னு நேர் அர்த்தம், ஜெர்மன்ல 'ஷ்பூக்'னு அதுக்கு ஒரு ஒறவுக்கார வார்த்தை இருக்கு. நியூயார்க் 1664 வரைக்கும் நியூ ஆம்ஸ்டர்டாம்ங்கிற டச்சுக் குடியேற்றமா இருந்த ஊரு, இங்கிலீஷ்காரன் கைக்குப் போன பிறகும் ஹட்சன் ஆத்துப் பக்கம் ரொம்ப காலம் டச்சு பேசிட்டிருந்தாங்க, குக்கி, பாஸ், சாண்டா கிளாஸ் எல்லாம் அமெரிக்க இங்கிலீஷுக்குள்ள அப்படி வந்த சொல்லுங்கதான். (நாகப்பட்டினத்தையும் பழவேற்காட்டையும் ஆண்டவங்களும் இதே டச்சுக்காரங்கதான், நம்ம 'கக்கூஸ்' அவங்க விட்டுட்டுப் போனது.) ஸ்பூக் இங்கிலீஷ் எழுத்துல 1801 வாக்குல தலைகாட்டுது, அம்பது வருஷம் கழிச்சு 'ஸ்பூக்கி' வருது, 1930கள்ல குதிரையும் மாடும் மிரள்றதுக்கு அதையே வினைச்சொல்லா ஆக்கிட்டாங்க. இன்னிக்கும் பங்குச் சந்தை மிரண்டுச்சுன்னா பிசினஸ் பேப்பர்ல அந்த வார்த்தைதான் வரும், யாரும் ஒண்ணும் சொல்றதில்ல.

1940கள்ல இந்தச் சொல்லுக்கு ரெண்டு புது அர்த்தம் ஒட்டிக்கிச்சு. ஒண்ணு உளவாளி, சத்தமில்லாம வந்து சத்தமில்லாம போறவன். அது நல்லாவே நிலைச்சுடுச்சு, சி.ஐ.ஏ. ஆளுங்களை இன்னிக்கும் அப்படிச் சொல்றாங்க. இன்னொண்ணு கறுப்பினத்தவரைக் கேவலப்படுத்துற வசவு. இருட்டுல கண்ணுக்குத் தெரியாத ஆளுங்கிற கேலி அதுக்குப் பின்னால இருக்குன்னு பொதுவா சொல்வாங்க. உங்க பிரிண்ட் அவுட்லயே கீழ எங்கயாவது "இழிவுச் சொல்"ங்கிற குறிப்போட அது பெரும்பாலும் இருக்கும், திரும்ப எடுத்துப் பாருங்க. எச்.ஆர். அம்மா அந்த வரியைத்தான் மொதல்ல படிப்பாங்க. நீங்க கொண்டு போன பேப்பரே உங்களுக்கு எதிரா பேசும்.

லண்டன் ஃப்ரெண்டு சொல்றது அவர் ஊருக்குச் சரி. அங்க ஸ்பூக்னா மொதல்ல உளவாளிதான். ஆனா பி.பி.சி.யில 2002ல 'ஸ்பூக்ஸ்'ங்கிற பேர்ல வந்த உளவுத்துறை தொடர், அமெரிக்காவுல 'எம்ஐ-5'ங்கிற பேர்லதான் ஓடுச்சு. நீங்க வேலை பார்க்கிறது லண்டன்ல இல்ல, ஜார்ஜியாவுல. பக்கத்து மாநிலம் அலபாமா, அங்க டஸ்கீகில ரெண்டாம் உலகப் போர் சமயம் கறுப்பின விமானிகளுக்குத் தனியா பயிற்சி கொடுத்தாங்க, ஏன்னா வெள்ளைக்கார விமானிகளோட சேர்ந்து கத்துக்க விடமாட்டாங்க. அந்த விமானிங்க தங்களைத் தாங்களே 'ஸ்பூக்வாஃபே'ன்னு சொல்லிக்கிட்டாங்க, ஜெர்மன் விமானப்படை லுஃப்ட்வாஃபே பேரையும் தங்களைத் திட்டுற வார்த்தையையும் சேர்த்து. "அவங்களே சொல்லிக்கிட்டாங்களே, நான் சொன்னா என்ன"ன்னு மட்டும் மீட்டிங்ல கேட்டுடாதீங்க. தன்னைத் திட்டுற வார்த்தையை ஒருத்தர் தன் கையில எடுத்துக்கிறது வேற, டீம் லீட் அதைச் சொல்லிக் கூப்பிடுறது வேற.

அந்த வெள்ளைத் துணிப் பேயைப் பத்தியும் சொல்லணும், நீங்க அதை ஒரு வரியில தாண்டிப் போயிட்டீங்க. அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865ல முடிஞ்சதும் தெற்கு மாநிலங்கள்ல கூ க்ளக்ஸ் க்ளான்ங்கிற வெள்ளை இனவெறிக் கூட்டம் கிளம்புச்சு. ராத்திரியில துணியைப் போர்த்திக்கிட்டு, போர்ல செத்த தெற்குப் படை வீரனோட ஆவி வந்திருக்கேன்னு சொல்லி, அடிமைத்தனத்துல இருந்து புதுசா விடுதலையான கறுப்பின மக்களோட வீட்டுக் கதவைத் தட்டுவாங்க. வெறும் பயமுறுத்தலோட நிக்கல, அடி, தீ வைப்பு, கொலை. அடிமைகளை ராத்திரியில வெளிய நடமாட விடாம வைக்கிறதுக்கு எஜமானருங்க பேய்க் கதை கட்டிவிட்ட வழக்கம் அதுக்கும் முன்னாடியே இருந்துச்சு. வெள்ளைத் துணி தொங்குற ரூமுக்குள்ள "எங்கப்பா என் ஸ்பூக்ஸ்"னு கூப்பிட்டதை, பாட்டி தாத்தா வழியா இதெல்லாம் கேட்டு வளர்ந்த ஒரு பெண் எப்படிப் படிச்சிருப்பாங்க? நீங்க பேயைத்தான் நினைச்சீங்கங்கிறதை நான் முழுசா நம்புறேன். அவங்களுக்கு வலிச்சதும் நிஜம். ரெண்டுல ஒண்ணுதான் உண்மையா இருக்கணும்னு நீங்க நினைக்கிறீங்க பாருங்க, அந்தப் பிரிண்ட் அவுட் யோசனையே அங்கிருந்துதான் வருது.

இது நமக்கு அன்னியமான விஷயமும் இல்ல. இங்கிலீஷ் பத்திரிகையில தினமும் 'பரையா ஸ்டேட்'னு எழுதுறாங்க, எல்லாரும் ஒதுக்கிவச்ச நாடுங்கிற அர்த்தத்துல. அது நம்ம ஊரு ஒரு சமூகத்தோட பேரு. நானூறு வருஷம் முன்ன இங்கிலீஷுக்குள்ள போய், ஒதுக்கப்பட்டவன்ங்கிற பொதுச் சொல்லா மாறிப்போச்சு. அந்தச் சமூகத்துல பிறந்த ஒருத்தர் அட்லாண்டா ஆபீஸ்ல உக்கார்ந்திருக்கும்போது வெள்ளைக்கார மேனேஜர் "என்னை பரையா மாதிரி நடத்தினாங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னா, அகராதியில அப்படித்தான் போட்டிருக்குன்னு அவருக்கு ஆறுதலா இருக்குமா? கூட வேலை பார்க்கிற அந்தப் பெண்ணோட இடத்துல அவரை வச்சுப் பாருங்க.

அப்புறம் கடிதத்துல 'நீக்ரோ பொண்ணு'ன்னு எழுதியிருக்கீங்க. நம்ம ஊர்ல பழைய பாடப் புத்தகத்துல அப்படி இருந்துச்சு, நிறைய பேரு கெட்ட எண்ணமில்லாமதான் சொல்றாங்க. ஆனா அமெரிக்காவுல அந்தச் சொல்லை விட்டு பல வருஷம் ஆச்சு, 2020 சென்ஸஸ் படிவத்துல இருந்தே எடுத்துட்டாங்க. 'பிளாக்' இல்லன்னா 'ஆப்பிரிக்கன் அமெரிக்கன்'னு சொல்லுங்க, அதைவிட நல்லது கூட வேலை பார்க்கிறவங்களை பேரு சொல்லிக் குறிப்பிடுறது. பதட்டத்துல மீட்டிங்ல இந்த வார்த்தை வாயில வந்துச்சுன்னா உங்க கேஸ் அங்கயே முடிஞ்சுது.

சட்டப்படி எவ்வளவு ஆபத்து

1964 சிவில் உரிமைச் சட்டத்துல டைட்டில் செவன்னு ஒரு பகுதி, 15 பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்க்கிற கம்பெனிக்கெல்லாம் பொருந்தும், இனத்தை வச்சு பாகுபாடு காட்டக்கூடாதுன்னு சொல்றது. அதுல வழக்கு கம்பெனி மேலதான், உங்களை மாதிரி தனி ஆள் மேல இல்ல. 1866ல வந்த இன்னொரு பழைய சட்டம் இருக்கு, செக்‌ஷன் 1981ன்னு சொல்வோம், அதுல தனி ஆள் மேலயும் போகலாம். ஆனா ரெண்டுலயுமே, வேலை இடம் பகைமையா மாறிடுச்சுன்னு நிரூபிக்கணும்னா நடந்தது கடுமையா இருக்கணும், இல்ல திரும்பத் திரும்ப நடந்திருக்கணும். ஒரே ஒரு மெசேஜ், அதுக்கு முன்ன எந்தப் புகாரும் இல்லைங்கிறது உண்மைன்னா, கோர்ட்ல இது மட்டும் வச்சு நிக்கிறது கஷ்டம்.

ஆனா கோர்ட்ல நிக்காதுங்கிறதால வேலை நிக்கும்னு அர்த்தம் இல்ல. கம்பெனி பாலிசி பெரும்பாலும் சட்டத்தை விட இறுக்கமா இருக்கும், ஜார்ஜியாவுல கான்ட்ராக்ட் இல்லாத வேலையை கம்பெனி எப்ப வேணா முடிச்சுக்கலாம், காரணம் கூட சொல்ல வேண்டியதில்ல. ஒரு எச்சரிக்கைக் கடிதம், ஒரு ட்ரெயினிங், லீட் பொறுப்புல இருந்து கொஞ்ச நாள் இறக்குறது, இதெல்லாம் நடக்கலாம். வேலையே போறதும் நடக்க முடியாத விஷயம்னு என்னால உறுதி கொடுக்க முடியாது.

இதே வார்த்தையால மாட்டின ஒருத்தரைச் சொல்றேன். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துல மெல்வின் டூமின்னு ஒரு சமூகவியல் பேராசிரியர், இனப் பாகுபாட்டை எதிர்த்து எழுதினவர். 1985ல ஒரு நாள் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது, ரெண்டு பேரு ஒரு நாள் கூட வகுப்புக்கு வரலையேன்னு, இவங்க நிஜமாவே இருக்காங்களா இல்ல ஸ்பூக்ஸான்னு கேட்டுட்டார். வராத ரெண்டு பேருமே கறுப்பின மாணவங்க, அவர் அவங்களைப் பார்த்ததே இல்ல. அவரோட நண்பர், நாவலாசிரியர் பிலிப் ராத், 2012ல ஒரு பகிரங்கக் கடிதத்துல இதை விவரமா எழுதினார், தன்னோட நாவலுக்கு விதையே இதுதான்னு. டூமின் மேல தப்பில்லைன்னுதான் கடைசியில முடிவாச்சு, ஆனா அதுக்குள்ள மாசக்கணக்குல விசாரணை, நீள நீளமா விளக்கம். அவ்வளவு பேரு எடுத்த பேராசிரியருக்கே அந்தப் பாடு. நீங்க ஒரே மீட்டிங்ல பேசி ஜெயிச்சுட்டு வந்துடலாம்னு போகாதீங்க.

நீங்க செய்யக்கூடாத மூணு காரியம்

மெசேஜை டெலீட் பண்ணாதீங்க, எடிட்டும் பண்ணாதீங்க. கம்பெனி சர்வர்ல அது இருக்கும், அதோட ஸ்க்ரீன்ஷாட் ஏற்கனவே எச்.ஆர். ஃபைல்ல இருக்கும். அறியாம எழுதினதை மன்னிக்கிற கம்பெனி கூட ஆதாரத்தை அழிச்சதை மன்னிக்காது, பின்னால வழக்குன்னு ஒண்ணு வந்தா அது தனித் தலைவலி. ஃப்ரெண்டு சொன்னதுல ரொம்ப மோசமான யோசனை இதுதான்.

அந்தப் பெண்ணைத் தனியா போய் பார்க்காதீங்க. இனிப்பு வாங்கிட்டு அவங்க டெஸ்க்குக்குப் போறது உங்க மனசுல நல்ல எண்ணம்தான், ஆனா நீங்க அவங்க டீம் லீட், விசாரணை நடந்துட்டிருக்கு, அந்த நேரத்துல நீங்க பக்கத்துல வந்து நின்னாலே புகாரை வாபஸ் வாங்கச் சொல்லி அழுத்துற மாதிரி இருக்கும். டீம்ல இருக்கிற நம்ம ஆளுங்ககிட்ட கையெழுத்து வாங்கி "இவர் தங்கமான மனுஷன்"னு கடிதம் கொடுக்கிறதும் வேண்டாம், ஒரு ஆளுக்கு எதிரா கூட்டம் சேர்த்த மாதிரி ஆயிடும்.

மூணாவது, இது நீங்க யோசிச்சே பார்க்காதது. நீங்கதானே அவங்களுக்கு வருஷ கடைசி ரேட்டிங் போடணும்? அங்கதான் பெரிய பள்ளம் இருக்கு. புகார் கொடுத்ததுக்காக பழிவாங்குறது டைட்டில் செவன்படி தனிக் குற்றச்சாட்டு, மூலப் புகார் நிக்கலைன்னாக் கூட இது நிக்க முடியும். நியாயமான ஒரு ஊழியரைப் புகார் கொடுக்க விடாம தயங்க வைக்கிற எந்த நடவடிக்கையும் இதுல அடங்கும்னு சுப்ரீம் கோர்ட் 2006லயே சொல்லிடுச்சு. ஷிஃப்ட் மாத்துறது, நல்ல ப்ராஜெக்ட்ல இருந்து எடுக்கிறது, ரேட்டிங்கை ஒரு படி குறைக்கிறது, எல்லாமே. சம வாய்ப்பு ஆணையமான ஈ.ஈ.ஓ.சி.க்கு வர்ற புகார்கள்ல பல வருஷமா முதல் இடத்துல இருக்கிறது இந்தப் பழிவாங்கல் புகார்தான். அதனால இப்பவே எச்.ஆர்.க்கு எழுதுங்க, இந்த வருஷம் அவங்க ரேட்டிங்கை வேற யாராவது போடட்டும்னு. அவங்களுக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு.

மன்னிப்பு கேக்கலாமா?

கேக்கலாம், கேக்கணும். "மன்னிப்பு கேட்டா குத்தத்தை ஒத்துக்கிட்ட மாதிரி"ங்கிறதுல கொஞ்சம் உண்மை இருக்கு, நீங்க எழுதிக் கொடுக்கிறதை பின்னால உங்களுக்கு எதிரா காட்ட முடியும். அதுக்காக வாயை மூடிட்டு உக்கார்ந்தா எச்.ஆர். அதை அலட்சியம்னுதான் எடுத்துக்கும், என் அனுபவத்துல அதுல போன வேலைதான் அதிகம். எதுக்கு மன்னிப்பு கேக்குறீங்கங்கிறதுல தெளிவா இருங்க. நடந்ததை நடந்த மாதிரி சொல்லுங்க. "இந்தச் சொல்லுக்கு இப்படி ஒரு அர்த்தம் இருக்குன்னு எனக்குத் தெரியாது, பேய் அலங்காரத்தை வச்சு விளையாட்டா எழுதினேன், அதை ரெண்டு கறுப்பின சகாக்களுக்கு நேரா எழுதினது அவங்களுக்கு எவ்வளவு புண்பட்டிருக்கும்னு இப்பப் புரியுது, நான் எழுதினதுக்கு மன்னிப்பு கேக்குறேன், அவங்களுக்கு எப்ப எப்படி வசதியோ அப்படித் தெரிவிக்கத் தயாரா இருக்கேன்." இதுல பாகுபாடு காட்டினேன்னு எங்கயும் ஒத்துக்கல, பொய்யும் சொல்லல. "யாராவது தப்பா எடுத்துக்கிட்டிருந்தா ஸாரி"ன்னு மட்டும் எழுதாதீங்க, அது தப்பை அவங்க தலையில தூக்கி வைக்கிற வாக்கியம். புகார் கொடுக்காத அந்த ரெண்டாவது சகாவையும் மறந்துடாதீங்க, மௌனமா இருக்கார்ங்கிறதால அவருக்கு வலிக்கலைன்னு ஆகாது.

தெரியாதுன்னு சொல்றது உண்மையா இருந்தா மட்டும் சொல்லுங்க. பழைய சாட்ல இதே மாதிரி கேலி ஏதாவது எழுதியிருந்தீங்கன்னா அதையும் தோண்டி எடுப்பாங்க, அப்படி ஏதாவது இருந்தா மீட்டிங்குக்கு முன்ன வக்கீல்கிட்ட மறைக்காம சொல்லிடுங்க. எச்.ஆர். அம்மா எவ்வளவு இனிமையா பேசினாலும் அவங்க கம்பெனி பக்கம், மீட்டிங்ல உக்கார்ற கம்பெனி வக்கீலும் கம்பெனியோட வக்கீல்தான், உங்களோட வக்கீல் இல்ல. உள்ளே உங்க வக்கீலைக் கூட்டிட்டு வர தனியார் கம்பெனி அனுமதிக்கணும்னு கட்டாயம் இல்ல, அதனால தயாரிப்பெல்லாம் முன்னாடியே முடிஞ்சிருக்கணும்.

இனிமே அந்த வார்த்தையை எப்படிக் கையாள்றதுன்னா, வழி சுலபம். கதவு கிறீச்சிடுற வீட்டை 'ஸ்பூக்கி'ன்னு சொல்லுங்க, குதிரை மிரண்டா வினைச்சொல்லா சொல்லுங்க, பிரச்சனை இல்ல. ஆளைச் சுட்டுற பெயர்ச்சொல்லா மட்டும் எந்த மனுஷனைப் பார்த்தும் சொல்லாதீங்க. பேயைச் சொல்லணும்னா 'கோஸ்ட்'ங்கிற வார்த்தை இருக்கவே இருக்கு.

விசா

மோசமானதுக்கும் தயாரா இருந்தா பயம் குறையும். வேலை போனா அடுத்த நாளே கிளம்ப வேண்டியதில்ல, 60 நாள் வரைக்கும் அவகாசம் உண்டு, உங்க ஐ-94 (எதுவரைக்கும் தங்கலாம்னு காட்டுற பதிவு) அதுக்கு முன்னாடியே முடிஞ்சா அதுவரைக்கும். அதுக்குள்ள வேற கம்பெனி எச்1பி மனு போட்டா நீங்க தொடரலாம், மனைவியோட எச்4 (துணைக்கான விசா) உங்க நிலையைப் பொறுத்தே இருக்கும். ஐ-140 அப்ரூவ் ஆகி 180 நாள் தாண்டிட்டதால கம்பெனி அதை வாபஸ் வாங்கினாக் கூட, மோசடி மாதிரி காரணம் இல்லாத வரைக்கும், அந்த அப்ரூவல் ரத்தாகாது, உங்க வரிசைத் தேதியும் (கிரீன் கார்டு வரிசையில உங்க இடத்தைக் காட்டுற தேதி) உங்ககிட்டயே இருக்கும், இது பெரிய பலம். விசா காலம் முடியறதுக்கு முன்ன கம்பெனியா வேலையை விட்டு எடுத்தா ஊருக்குத் திரும்புற நியாயமான பயணச் செலவு உங்களுக்கு அவங்க தரணும், நீங்களா ராஜினாமா பண்ணினா அது கிடையாது. அதனால பயத்துல ராஜினாமா கடிதம் மட்டும் எழுதிடாதீங்க, மனைவிகிட்டயும் இதைச் சொல்லுங்க.

நான் கடிதத்தை மட்டும் வச்சுச் சொல்றேன், உங்க பேப்பரைப் பார்த்துச் சொல்லல. மீட்டிங்குக்கு முன்ன உங்க ஊர்ல ஒரு எம்ப்ளாய்மென்ட் வக்கீலை ஒரு மணி நேரமாவது பாருங்க, விசாவுக்கு தனியா ஒரு இமிக்ரேஷன் வக்கீல், கம்பெனி வச்சிருக்கிற வக்கீல் வேண்டாம். போகும்போது ஆஃபர் லெட்டர், எம்ப்ளாயி ஹேண்ட்புக், ஐ-797 (விசா மனு அப்ரூவ் ஆன நோட்டீஸ்), ஐ-94, எச்.ஆர். அனுப்பின மெயில், அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு நேரம் போட்டு நீங்களே கைப்பட எழுதின ஒரு பக்கம், இவ்வளவும் எடுத்துட்டுப் போங்க. அந்தப் பக்கத்தை இன்னிக்கு ராத்திரியே எழுதிடுங்க, ஞாபகம் தெளிவா இருக்கும்போதே.